மரக்கன்றின் வேரும் தழைச்சத்தும்

(உழவர்களுக்கான வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மரக்கன்று நடுவதற்கு நம் சேலம், நாமக்கல் சமவெளியில் பலரும் குழி எடுத்து வைத்திருப்பீர்கள். கிணறு வற்றிய தோட்டம், ஆள் கிடைக்காத காடு, மரவள்ளிக்கு விலை இல்லாத வருஷம் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். மலைவேம்பு, பெருமரம், சவுக்கு, தேக்கு என்று ஆளுக்கொரு மரமும் இருக்கும். ஆனால், "குழிக்குள்ளே என்னங்க போட்டீங்க?" என்று கேட்டால், நாமக்கல் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "கோழி எருதானுங்க. பண்ணையிலிருந்து ஒரு டிராக்டர் அடிச்சுட்டோம். குழிக்கு ரெண்டு கூடை."

இந்த இரண்டு கூடையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அடுத்தவர் தப்பைச் சொல்லிக் காட்ட வரவில்லை. இதே தப்பை நானே செய்திருக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் மேட்டாங்காட்டில் 100 மலைவேம்புக் கன்று நட்டேன். ஈரம் காயாத கோழி எருவைக் குழிக்கு இரண்டு கூடை தட்டி, மேலே மண்ணைத் தள்ளி, அன்றைக்கே கன்றையும் வைத்துத் தண்ணீர் விட்டேன். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. ஒரு மாதத்தில் முப்பது கன்றுகூட மிஞ்சவில்லை. கரையான்தான் என்று நினைத்து ஒரு கன்றைத் தோண்டிப் பார்த்தேன். கரையானைக் காணோம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் நுனிகள் பழுப்பேறி, வெந்தது மாதிரி இருந்தன. எங்கள் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "பச்சப் புள்ள வாயில களி உருண்டையத் திணிச்சிருக்கியே கண்ணு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிற விஷயம் என்ன என்பதை விவரமாகப் பார்ப்போம். வேர் எப்படித் தழைச்சத்தை எடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை, எப்போது, எவ்வளவு போடுவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

வேர் குடிக்கும், தின்னாது

தழைச்சத்து என்பது நைட்ரஜன். நாம் விடுகிற காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுதான். ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கிற காற்றில் மட்டும் ஏறக்குறைய 30,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. இருந்து என்ன பயன்? கடலோரத்தில் இருப்பவன் குடிநீருக்குத் தவிப்பது போல, மரக்கன்று அந்தக் காற்றுக்குள் நின்றுகொண்டே தழைச்சத்துக்குத் தவிக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனை இலையோ வேரோ நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது.

எருவில் இருக்கிற தழைச்சத்தையும் அப்படியே எடுக்க முடியாது. அது மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் மக்கி, தண்ணீரில் கரைகிற உப்பாக மாற வேண்டும். அப்படி மாறும்போது முதலில் வருவது அம்மோனியம். அடுத்து வேறு இரண்டு வகை பாக்டீரியாக்கள், ஒன்று விட்டதை மற்றொன்று வாங்கி, அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. யூரியா போட்டாலும் இதே வழிதான். யூரியா சில நாளில் அம்மோனியமாகும், பிறகு ஓரிரு வாரங்களில் நைட்ரேட்டாகும்.

இந்த இரண்டுக்கும் குணம் வேறு வேறு. அம்மோனியம் களிமண் துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்ளும். வேர் அதைத் தேடிப் போக வேண்டும். நைட்ரேட் எதிலும் ஒட்டாது. தண்ணீர் போகிற பக்கம் அதுவும் போகும். இலை வெயிலில் ஆவி விட்டு வேர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்போது, அந்தத் தண்ணீரோடு நைட்ரேட்டும் வேருக்கு வந்து சேரும். பலத்த மழை பெய்தால் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிக் கிணற்றுத் தண்ணீரிலும் கலக்கும். சூடும் காற்றோட்டமும் உள்ள நம் செம்மண்ணில் அம்மோனியம் நீண்ட நாள் தங்குவதில்லை. ஆகவே நம் கன்றுகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நைட்ரேட்தான்.

இது தவிர மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வடக்கு ஸ்வீடனில் உள்ள காட்டில் செய்து 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அங்குள்ள மரங்கள் அமினோ அமிலம் என்ற அங்ககத் தழைச்சத்தையும், அது முழுதாக மக்கும் முன்பே, நேராக வேர் வழியாக எடுத்துக்கொள்வது தெரியவந்தது. குளிரில் மெதுவாக மக்குகிற மண்ணில் அது பெரிய உதவி. நம் ஊரில் அதன் பங்கு குறைவாக இருந்தாலும், நன்கு மக்கிய எரு கன்றுக்கு ஏன் ஒத்துப்போகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேரின் வாய் எங்கே இருக்கிறது?

ஒரு கன்றின் பையைக் கிழித்து, வேரைத் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். பழுப்பான, தடித்த வேர் கன்றைத் தாங்குவதற்கும் சத்தை மேலே கடத்துவதற்கும் உள்ளது. நுனியில் வெள்ளையாக, நூல் மாதிரி இருப்பதுதான் வாய். அதன் மேலே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேர்த் தூவிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். மண் நீரில் கரைந்த தழைச்சத்தை உள்ளே வாங்குவது பெரும்பாலும் இந்த இடம்தான்.

வாங்குவது என்றால் சும்மா ஊறி உள்ளே போய்விடும் என்று நினைக்கக் கூடாது. வெளியே நைட்ரேட் குறைவாகவும் உள்ளே அதிகமாகவும் இருக்கும்போதுகூட வேர் அதை உள்ளே இழுக்கிறது. பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவது போன்ற வேலை இது. மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும் அல்லவா? வேருக்கு இலையிலிருந்து இறங்கி வரும் சர்க்கரையும், மண்ணுக்குள் இருக்கிற பிராணவாயுவும் வேண்டும்.

இதிலிருந்து நாற்றங்காலுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. பையில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டிப் போகும். மண்ணில் தழைச்சத்து இருந்தும் கன்று வெளுக்கும். "வெளுத்துப் போச்சுங்க" என்று இன்னும் யூரியா தெளித்தால் என்ன ஆகும்? பையின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீரைக் குறையுங்கள். பல சமயம் அதுவே மருந்து. அதே மாதிரி, அடர்ந்த நிழலில் கிடக்கும் கன்றுக்கும் சர்க்கரை போதாது. அதற்குச் சத்து கொடுப்பதைவிட வெளிச்சம் கொடுப்பது முக்கியம்.

அந்த இரண்டு கூடை என்ன செய்தது?

இப்போது என் 100 கன்றுக்கு வருகிறேன். கோழி எச்சத்தில் தழைச்சத்தில் பெரும்பங்கு யூரிக் அமிலமாக இருக்கிறது. ஈரம் பட்டதும் அது வேகமாக அம்மோனியாவாக மாறும். எருக்குவியலைக் கிளறினால் மூக்கைத் துளைக்கிறதே, அந்த நெடிதான் அம்மோனியா. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் பறக்கிறது என்பதற்கு அந்த நெடியே சாட்சி.

மண் காரமாக இருந்தால், அம்மோனியம் என்ற நல்ல உப்பு, அம்மோனியா என்ற வாயுவாக மாறுவது அதிகமாகும். அந்த வாயு வேர் நுனிக்குள் எந்தத் தடையும் இல்லாமல் புகுந்து உயிரணுக்களைக் கெடுக்கிறது. நம் பக்கத்தில் பல இடங்களில் மண்ணுக்குக் கீழே சுக்கான் கல் இருக்கிறது. சங்ககிரிப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லும், சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக்கல்லும் நாடறிந்தவை. இப்படிப்பட்ட பூமியில் மண்ணும் தண்ணீரும் காரமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அங்கே பச்சை எரு இரட்டைக் கெடுதல் செய்யும்.

இன்னொன்று உப்பு. எருவின் உப்பு வேரைச் சுற்றிச் சேர்ந்தால், வேர் மண்ணிலிருந்து தண்ணீரை எடுப்பதற்குப் பதிலாக, வேரில் இருக்கிற தண்ணீரை மண் இழுக்கும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அதுதான். இலை ஓரம் தீய்ந்ததற்குக் காரணம் அதுவே.

சாகாவிட்டாலும் தொல்லைதான்

"எங்க காட்டுல கன்னு சாகலீங்களே, தளதளன்னு வளருதே?" என்று சிலர் கேட்பீர்கள். அங்கேதான் மறைந்திருக்கிற ஆபத்து. தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால், கன்று வேரை நீட்டித் தேடிப் போக அவசியம் இல்லை. தண்டும் இலையும் பெருக்கும், வேர் சிறுத்து நிற்கும். மார்கழி வரை பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். மாசி, பங்குனி வெயிலில் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க அந்தச் சின்ன வேரால் முடியாது. கன்று மேலிருந்து காய்ந்து இறங்கும். மேட்டாங்காட்டில், வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிற இடத்தில், இலை ஒரு சாண் குறைந்தாலும் வேர் ஒரு சாண் கூடி இருப்பதே லாபம்.

ஆகவே நாற்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். தண்டு பென்சில் கனம் இருக்கிறதா, வெள்ளை வேர் மண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே நாற்று விட்டால், நடுவதற்கு ஒரு மாதம் முன்பே யூரியாவை நிறுத்தி, தண்ணீரையும் படிப்படியாகக் குறைத்து, நல்ல வெயிலில் கன்றைக் கெட்டிப்படுத்துங்கள்.

வேருக்குக் கூட்டாளிகள்

வேர் தனியாக வேலை செய்வதில்லை. பெரும்பாலான மரங்களின் வேரில் ஒரு நல்ல பூஞ்சை குடியிருக்கிறது. வேர்ப்பூஞ்சை என்று சொல்லலாம். அதன் இழை வேர்த் தூவியைவிட மெல்லியது. வேர் நுழைய முடியாத சந்தில் எல்லாம் நுழைந்து மணிச்சத்தையும் ஓரளவு அம்மோனியத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். உரத்தை அள்ளிக் கொட்டினால் இந்தக் கூட்டாளி ஒதுங்கிவிடும்.

அடுத்த கூட்டாளி வேர்முடிச்சு. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகள் பிடித்துக் கொடுக்கின்றன என்று ஜெர்மனியில் 1886-ல் நிரூபித்தார்கள். மரங்களிலும் இது உண்டு. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர அகத்தியை வளர்க்கிறார்களே, அதன் வேரைத் தோண்டிப் பாருங்கள். உருண்டை உருண்டையாக முடிச்சு இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை ஓய்ந்துவிட்டது. வாகை, புங்கன், கருவேல் ஆகியவற்றுக்கும் முடிச்சு உண்டு.

சவுக்கு பயறு வகை இல்லை. ஆனாலும் ஃபிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிரோடு சேர்ந்து, பவழக்கொத்து மாதிரி முடிச்சு வைக்கும். அந்த ஃபிராங்கியாவைத் தனியாகப் பிரித்து வளர்ப்பதில் முதல் வெற்றி 1978-ல்தான் அமெரிக்காவில் கிடைத்தது. நம் செம்மண் பையில் அது இயற்கையாக இருக்கும் என்று நம்ப முடியாது. நன்றாக வளர்ந்த சவுக்குத் தோப்பிலிருந்து புது முடிச்சுகளைக் கொண்டுவந்து, கழுவி, நசுக்கி, தண்ணீரில் கரைத்து நாற்றுக்கு ஊற்றுவது எளிய முறை. தோப்பில் நோய் இருந்தால் மட்டும் அங்கிருந்து எடுக்க வேண்டாம்.

எல்லா மரத்துக்கும் இந்த யோகம் இல்லை. வேம்பு, மலைவேம்பு, தேக்கு, பெருமரம் இவற்றுக்கு முடிச்சு கிடையாது. புளி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அதற்கும் முடிச்சு வராது. இவற்றுக்கு நாம்தான் தழைச்சத்தைக் கொடுக்க வேண்டும். முடிச்சு வைக்கும் மரத்துக்கோ யூரியாவை அதிகம் போடவே கூடாது. சும்மா சாப்பாடு கிடைத்தால் முடிச்சு வைப்பதை அது நிறுத்திவிடும்.

வெளுத்த இலை எது?

இலை வெளுத்ததும் யூரியாவை எடுப்பதற்கு முன்னால், எந்த இலை வெளுத்தது என்று குனிந்து பாருங்கள். தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலை, அதாவது முதிர்ந்த இலை, முழுவதுமாக வெளுக்கும். வீட்டில் சோறு குறைந்தால் பெரியவர்கள் தங்கள் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல, கன்று அடி இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது.

கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சுக்கான் பூமியில் மரவள்ளியில் இதை நீங்கள் பார்த்துப் பழகியிருப்பீர்கள். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் காரத்தினால் அது வேருக்குக் கரையாது. வேர் நைட்ரேட்டை எடுக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள மண்ணை இன்னும் சற்றுக் காரமாக்கும். ஆக, இங்கே தழைச்சத்தை மேலும் மேலும் கொட்டுவது நோயைக் கூட்டும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் சிறிது எலுமிச்சம்பழச் சாறும் கலந்து, மாலை நேரத்தில் இலை நனையத் தெளித்தால் பசுமை திரும்பும். உவர்த் தண்ணீரில் கலக்காமல் நல்ல தண்ணீரில் கலக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பைக்கு மண் கலக்கும்போது செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு என்பது நல்ல கலவை. முளைத்து நாலைந்து இலை விடும் வரை வேறு உரம் வேண்டாம். பிறகு அடி இலை வெளுத்தால் மட்டும், 10 லிட்டர் பூவாளித் தண்ணீரில் 10 முதல் 20 கிராம் யூரியா கரைத்து, 15 நாளைக்கு ஒரு தடவை ஊற்றலாம். ஊற்றியதும் வெறும் தண்ணீரால் இலையைக் கழுவிவிட வேண்டும்.

கோழி எருவை ஒதுக்க நான் சொல்லவில்லை. நம் ஊரில் இவ்வளவு கிடைக்கும்போது அதை விடுவானேன்? பக்குவப்படுத்திப் போடுங்கள் என்கிறேன். தென்னை நார்க்கழிவு, கடலைப் பொட்டு, காய்ந்த சருகு, எது கிடைக்கிறதோ அதோடு அடுக்கடுக்காகக் கலந்து, நிழலில் குவித்து, பிழிந்த துணி அளவு ஈரம் வைத்து, 15 அல்லது 20 நாளைக்கு ஒரு தடவை புரட்டி விடுங்கள். இந்தக் கழிவுகள் அம்மோனியாவைப் பறக்கவிடாமல் பிடித்து வைக்கும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் நெடி போய், சூடு தணிந்து, கையில் எடுத்தால் மண் வாசனை வரும். அப்போது குழிக்கு 2 அல்லது 3 கிலோ எடுத்து, மேல்மண்ணோடு நன்றாகக் கலந்து போடலாம். எரு தனி அடுக்காக வேரைத் தொட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது.

நடுகிற அன்று யூரியா வேண்டவே வேண்டாம். பையைக் கிழிக்கும்போது வெள்ளை வேர் கொஞ்சம் அறுபடத்தான் செய்யும். வாயில் புண் உள்ளவனுக்குக் காரம் வைப்பானேன்? மூன்று, நான்கு வாரம் கழித்துப் புதுக் கொழுந்து வந்தால், கீழே புது வேர் விட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கீறி, ஒரு தீப்பெட்டி கொள்ளும் அளவு யூரியாவைத் தூவி மண்ணால் மூடுங்கள். மூடாமல் விட்டால் காரமண்ணில் பாதிகூடக் காற்றில் போகலாம்.

2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசியாக வேண்டும் என்பது அரசின் உத்தரவு. வேம்பு, அம்மோனியம் நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்துகிறது. மழையில் அடித்துக்கொண்டு போவது குறைகிறது. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்று கலந்து நெல்லுக்குப் போட்டது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே தத்துவம்தான். ஆனால் பூச்சு இருக்கிறது என்பதற்காக அளவைக் கூட்ட வேண்டாம். வேரைத் தாண்டிய நைட்ரேட் போய்ச் சேருவது நம் வீட்டுக் கிணற்றுக்கு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள்தான்.

நடுவதற்கு முன் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். சேலத்துக்காரர்களுக்குச் சந்தியூரிலும், நாமக்கல்காரர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மர வகையைப் பற்றிக் கேட்க மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது.

அடுத்த வருஷம் அதே மேட்டாங்காட்டில், அதே குழிகளில், மக்கிய எருவை அளவாகக் கலந்து மறுபடியும் நட்டேன். கொஞ்சம் மெதுவாகத்தான் வளர்ந்தன. பெரியம்மா மார்கழியில் வந்து பார்த்துவிட்டு, "எலை கம்மியாத்தான் இருக்குது" என்றார்கள். பங்குனியில் வந்து பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பத்துக் கன்றுதான் போயிருந்தது.

உங்கள் குழியில் எரு விழுவதற்கு முன், அதில் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். நெடி அடித்தால் காத்திருங்கள். வேருக்கு வாய் சின்னது.